கூலிக் கணக்கு செல்லாத இடம்

களியக்காவிளையில் தொடங்கிப் பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரை போகும் சாலையில், மழை ஓய்ந்த மாதங்களில், கிறிஸ்தவர்களின் கன்வென்ஷன் என்ற பிரசங்கக் கூட்டத்துக்கான விளம்பரப் பலகை இல்லாத சந்திப்பைக் காண்பது அரிது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கோட்டின் கேரளப் பக்கத்தில் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தமிழில் ஜெபித்து, மலையாளத்தில் சாமான் வாங்கி, இரண்டு மொழியிலும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூட்டங்களில் பாடல்கள் மனதை நிறைக்கின்றன. ஜெபங்கள் உருக்கமாக இருக்கின்றன. ஆனால் பிரசங்கம் முடிந்து வீடு திரும்பும்போது நினைவில் மிஞ்சுவது பெரும்பாலும் நாம் செய்யவேண்டியவற்றின் பட்டியல்தான்: இன்னும் அதிகாலையில் எழுந்து ஜெபிக்க வேண்டும், இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், உபவாச நாட்களைப் பெருக்க வேண்டும், விசுவாசத்தில் தளராமல் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் இந்தப் பட்டியலைச் சுவிசேஷம் என்ற பெயரால் அழைக்கும்போது என் மனம் மிகவும் வருந்துகிறது.

சுவிசேஷம் என்ற நற்செய்தி இன்னதென்று அப்போஸ்தலனாகிய பவுல் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், தாம் அறிவித்த சுவிசேஷத்தை அவர்களுக்கு நினைவூட்டும்போது, "கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்து" என்று அவர் சொல்லிச் செல்கிறார். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார். எல்லாம் நடந்து முடிந்தவை. எல்லாம் இன்னொருவருக்கு நேர்ந்தவை. அந்த அறிவிப்பில் நம்முடைய பங்காக இடம்பெறுவது ஒன்றே ஒன்று, அது நமது பாவம். நாம் செய்யவேண்டிய எதைப்பற்றியும் பேசுவதற்கு முன்பாகத் தேவன் செய்து முடித்ததைப் பற்றிப் பேசுவதுதான் சுவிசேஷம். அந்தச் செயலுக்கு நம்மிடத்தில் எந்தத் தகுதியையும் அவர் தேடவில்லை என்பதுதான் கிருபை.

இதைச் சொல்வது எளிது. நம்புவது எவ்வளவு கடினம் என்பதை எங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது நான் கண்டேன். நெடுநாளாக நோயில் கிடந்த அவரைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர், தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, சுகம் தாமதிப்பதற்கு விசுவாசக் குறைவே காரணம் என்று சொல்லிப் போயிருந்தார். அதற்கு முன்பே அம்மச்சி பொருத்தனை பண்ணித் தம் காதுக் கம்மலைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டிருந்தார். வெறும் காது மடலைத் தடவிக்கொண்டே, "மக்களே, இனி குடுக்கதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆண்டவர் என் கணக்க முடிச்சிருப்பாரோ?" என்று கேட்டார். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண், வாழ்நாள் முழுவதும் ஆலயத்துக்குப் போய்வந்தவர், கேட்ட கேள்வி அது. கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும் வரைக்கும்தான் தேவன் காத்திருப்பார் என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மாத்திரமல்ல, பலரும் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தை எடுத்து, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனும் வரி வசூலிக்கும் ஆயக்காரனும் தேவாலயத்துக்குப் போன உவமையை அவருக்கு வாசித்தேன். பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் வரிசையாகச் சொல்லும் இடத்தில் அம்மச்சி தலையசைத்தார். அது அவருக்குப் பழக்கமான ஜெபம். ஆயக்காரன் தூரத்திலே நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று சொன்ன இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, "அதுக்குப் பொறவு அவன் என்ன காணிக்கை போட்டான்?" என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை. அடுத்த வசனத்தில் அவன் நீதிமானாக்கப்பட்டவனாய், அதாவது தேவன் நீதிமானாக ஏற்றுக்கொண்டவனாய், வீட்டுக்குத் திரும்பிப் போகிறான். அவன் ஜெபித்ததற்கும் அவன் வீட்டுக்குப் போனதற்கும் நடுவில் இயேசு வேறு எதையும் சொல்லவில்லை. காணிக்கையோ, பரிகாரமோ, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்ற வாக்குறுதியோகூட அங்கே இல்லை. அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி அம்மச்சி கேட்டார். அவருடைய நோய் அதனால் நீங்கிவிடவில்லை. ஆனால் கணக்கைப் பற்றி அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை.

தேவன் பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவதுதான் கிருபை என்று எண்ணுவோரும் உண்டு. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தவர்கள் அப்படி எண்ண முடியாது. இலவசமாய், கிருபையினாலே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று சொன்ன அதே மூச்சில், கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு என்றும், அவருடைய இரத்தத்தைக்கொண்டு என்றும் பவுல் சேர்த்துச் சொல்கிறார். தேவன் தாம் நீதியுள்ளவராகவும் இருக்கவேண்டும், பாவியை நீதிமானாக்குகிறவராகவும் இருக்கவேண்டும். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் சிலுவை. ஆகவே நமக்கு இலவசமாக வருவது, கொடுத்தவருக்கு இலவசமாக இருக்கவில்லை.

எங்கள் மண்ணில் இந்த வார்த்தைகளை முதன்முதலாகக் கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை அதிகம் இருந்திருக்காது. பழைய திருவிதாங்கூரில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள், வாங்கப்பட்டார்கள், நிலத்தோடு சேர்த்து அடகு வைக்கப்பட்டார்கள். 1855-ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமை முறை அரசாணையால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1820-களில், நாகர்கோவிலில் மிஷனரிகளின் மனைவியர் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அடிமைகளாயிருந்த பெண்களில் சிலர் அந்த வேலையில் கிடைத்த வருவாயைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலைக்கான விலையைத் தாங்களே செலுத்தினார்கள் என்பது மிஷன் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஊசியும் நூலுமாகக் குனிந்து, கண் வலிக்க வலிக்கப் பின்னி, தன் உடம்புக்குத் தானே விலை சேர்த்த ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்ற வசனம் வாசிக்கப்பட்டபோது எப்படிக் கேட்டிருப்பாள்? ஒருவரை விடுவிக்க எவ்வளவு ஆகும் என்பதை அவள் விரல்கள் அறிந்திருந்தன. இந்த உலகத்தின் எஜமானிடமிருந்து மீளத் தான் சேர்க்கவேண்டியிருந்த விலையை, பாவத்திலிருந்து மீளத் தான் சேர்க்கவேண்டியதில்லை, அதை வேறொருவர் தம் உயிரால் செலுத்தி முடித்துவிட்டார் என்ற செய்தியின் எடை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

தென் திருவிதாங்கூருக்குச் சுவிசேஷம் வந்த வழியும் இதற்குப் பொருத்தமானது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டில் திருவிதாங்கூருக்கு வந்தபோது மயிலாடியில் அவருக்காகக் காத்திருந்தவர் இந்த வேதமாணிக்கமே. 1809-ஆம் ஆண்டில் அங்கே ஆலயம் எழுந்தது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த மதம் என்று எங்களைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு நான் இந்த வரிசையை நினைவுபடுத்துவதுண்டு. மிஷனரி வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அதைத் தேடிப் போகாத ஒருவர், நடந்து களைத்த காலோடு வீடு திரும்பும் பாதையில் அதைப் பெற்றுக்கொண்டார்.

நம் முன்னோர் வரியிலிருந்தும் ஊழிய வேலை என்ற கட்டாய வேலையிலிருந்தும் தப்பிக்கவே வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். ரிங்கல்தௌபேவுக்கே அந்தக் கவலை இருந்தது. உலக ஆதாயத்தை எதிர்பார்த்து வந்தவர்களைச் சேர்ப்பதில் அவர் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொண்டார். அவருடைய எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் உவமையில், தகப்பனிடம் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட இளைய மகன் என்ன நோக்கத்தோடு வீட்டுக்குத் திரும்பினான் என்று பார்க்கவேண்டும். "என் தகப்பனுடைய கூலிக்காரர் எத்தனையோ பேருக்குப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது, நானோ பசியினால் சாகிறேன்" என்பதுதான் அவனுடைய முதல் எண்ணம். அவனைத் திருப்பி அனுப்பியது பசி. வழி நெடுக அவன் ஒரு பேச்சைத் தயார்செய்துகொண்டு வருகிறான். அந்தப் பேச்சின் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை. தகப்பன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டபின், நான் பாத்திரன் அல்ல என்பது வரைக்கும்தான் பேச்சு போகிறது. அதற்குள் உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லும் கட்டளை பிறந்துவிடுகிறது. கூலிக்கு வேலை செய்து பட்ட கடனைத் தீர்ப்பேன் என்ற யோசனையை முன்வைக்கக்கூடத் தகப்பன் இடம் தரவில்லை. கிருபையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன். சொல்லப்படாமல் போன அந்த ஒரு வரியைப்போல் என்னை அசைத்தது வேறொன்றும் இல்லை. எங்கள் முன்னோரும் பசியோடும் பயத்தோடும் வந்திருக்கலாம். உள்ளே வந்தவர்களுக்குக் கிடைத்தது கூலிக்காரரின் இடம் அல்ல.

இந்தக் கூலி விஷயம் எங்கள் ஊரில் வெறும் உபமானமாக நின்றுவிடுவதில்லை. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சபையில் பலர். வெட்டிய மரங்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி கூலி. ஒரு வீட்டுக் கூட்டத்தில், மத்தேயு 20-ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையை நாங்கள் தியானித்தோம். விடியற்காலையில் வந்தவனுக்கும், நம் கணக்குப்படி மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே ஒரு பணம் கூலி. வயதான வெட்டுக்காரர் ஒருவர் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. "இருநூறு மரம் வெட்டினவனுக்கும் இருபது மரம் வெட்டினவனுக்கும் ஒரே கூலின்னா, நாளைக்கு எவன் விடியக்காலம் எழும்புவான்?" என்று கேட்டார். அங்கிருந்த யாரிடமும் உடனடிப் பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. உவமையைக் கேட்டு இப்படிக் கோபப்படாதவர்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு 7-ஆம் வசனத்தை ஒருவர் மறுபடி வாசித்தார். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று அவர்கள் சொன்ன வசனம். அதைக் கேட்டதும் அதே வெட்டுக்காரர், "இடவப்பாதி மழையில நாங்க அந்த அஞ்சு மணிக்காரங்கதான்" என்றார். மழை அடித்துப் பெய்யும் நாட்களில் வெட்டு நின்றுபோகும். உடம்பில் வலு இருந்தும், கையில் கத்தி இருந்தும், கூலி இருக்காது. வீட்டில் அடுப்பு எரியவேண்டிய தேவை மட்டும் மழையைப் பார்த்துக் குறைவதில்லை. ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடத் தேவையானது. எஜமான் வேலையின் அளவைப் பார்த்துக் கொடுக்கவில்லை, வீட்டின் தேவையைப் பார்த்துக் கொடுத்தார் என்பதை எங்களுக்கு விளக்கியவர் எந்த இறையியல் கல்லூரிக்கும் போகாத அந்த மனிதரே. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்ற வசனத்துக்கு நாங்கள் வந்தபோது, முதலில் முணுமுணுத்தவர்கள் யார் யார் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

என்றாலும் அவருடைய முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லாம் இலவசமானால் நாளைக்கு யார் எழும்புவார்? பவுலிடமும் இதையே கேட்டார்கள். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வியை ரோமர் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே எழுப்பி, "கூடாதே" என்று அவர் பதில் சொல்கிறார். பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்பது அவர் சொல்லும் காரணம். தண்டனைக்கு அஞ்சியோ கூலிக்கு ஆசைப்பட்டோ நடக்கும் நன்மையை விட வேறொரு நன்மை உண்டு என்று அவர் நம்புகிறார். அது சகேயுவின் வீட்டில் நடந்தது. எரிகோவின் ஆயக்காரர் தலைவன், எல்லாராலும் வெறுக்கப்பட்டவன், மரத்தின்மேல் இருக்கும்போதே இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார். கொள்ளையடித்ததைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் வந்தபிறகு, யாரும் கேளாமலே, சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்கிறான். இந்த வரிசையை மாற்றிவிட்டால் கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் வேறொன்றாகிவிடும். பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் அவர்களுக்கு எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களை மனப்பாடம் செய்யக் கொடுக்கும்போது, 10-ஆம் வசனத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். கிரியைகளினால் உண்டானதல்ல என்று முடிக்கும் பவுல், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று உடனே தொடர்கிறார். நற்கிரியை இரட்சிப்பின் விலை அல்ல, அதன் பலன்.

இந்த வரிசையைப் பற்றித்தான் மேற்கத்திய சபை 16-ஆம் நூற்றாண்டில் பிளந்தது. எங்கள் குடும்பங்களில் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யும் லத்தீன் கத்தோலிக்கரும் கல்யாண உறவில் கலந்திருப்பதால், கிருபையா கிரியையா என்ற பழைய சண்டை சாப்பாட்டு மேசையில் இன்னும் அவ்வப்போது தலைதூக்கும். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இருசாராரும் அதில் சேர்ந்து அறிக்கையிட்டிருக்கிறார்கள். எல்லா வேறுபாடும் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கத்தோலிக்கர் கிரியையை நம்புகிறவர்கள், நாம் கிருபையை நம்புகிறவர்கள் என்று இன்னும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. கூலிக் கணக்கு பார்க்கும் பழக்கம் எந்தச் சபைக்கும் தனிச் சொத்தல்ல.

கிருபை உண்மையாகவே நம்பப்படுகிறதா என்பது பிரசங்க மேடையை விடப் பந்தியில்தான் தெளிவாகத் தெரியும். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் இதை நல்ல பழக்கவழக்கம் பற்றிய சிறு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி சரியாய் நடவாதது என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் எழுதி, எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார். எல்லாரையும் இலவசமாய் ஏற்றுக்கொண்ட தேவனின் பெயரால் கூடியவர்கள், பந்தியில் ஒருவரை விலக்கினால், சிலுவையில் நடந்ததையே மறுக்கிறார்கள் என்பது அவர் வாதம். பொதுவழியில் நடக்கவும் மேலாடை அணியவும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். மேலாடைக்கான அந்த உரிமையை 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி அரசு அறிவிப்பு ஏற்கும் வரை எத்தனை அடி, எத்தனை தீ. அப்படிப்பட்டவர்களின் சபைகளிலும் சாதி பார்த்துத்தான் இன்று பெண் கொடுக்கிறோம், சாதி பார்த்துத்தான் சபைக் கமிட்டித் தேர்தலில் வாக்குக் கேட்கிறோம். இதை வருத்தத்தோடும் வெளிப்படையாகவும் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் ஆலயத்தின் பின் வரிசையில் ஜார்க்கண்டிலிருந்து செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த இளைஞர்கள் சிலர் அமர்கிறார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள், பாடல் புத்தகத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் ராகத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடுகிறார்கள். வரும் அறுப்பின் பண்டிகையன்று ஐக்கிய விருந்தில் அவர்களுக்கு மொழி தெரியாத காரணத்தால் தனிப் பந்தி போடலாம் என்று கமிட்டியில் ஒரு கருத்து எழுந்திருக்கிறது. சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டி, ஒரே பந்தியில், வந்த வரிசைப்படி எல்லாரும் உட்காரவேண்டும் என்றும், அன்றைய வேதபாடங்களில் ஒன்றாக ரோமர் 3-ஆம் அதிகாரத்தை அவர்களில் ஒருவர் இந்தியில் வாசிக்கவேண்டும் என்றும் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது முடிவாகும்.